சவாரா: கால்வாய்க் கரையில் ஒரு பகல் (வாசகர் கேள்வி பதில்)

சென்ற இதழில் ஜப்பான் பயணம் பற்றி எழுதியபோது, டோக்கியோவுக்குக் கிழக்கே உள்ள சவாரா என்ற பழைய வணிக ஊரை ஒரு வரியில் குறிப்பிட்டிருந்தோம். அதைப் பற்றி மேலும் கேட்டு மதுரையிலிருந்தும் சுற்றுப்பகுதிகளிலிருந்தும் வந்த கடிதங்களுக்கு இம்முறை பதில் தருகிறோம்.

கேள்வி: என் மகன் டோக்கியோவில் பணிபுரிகிறான். வரும் கார்த்திகையில் நானும் என் மனைவியும் அங்கே செல்ல இருக்கிறோம். உயர்ந்த கட்டடங்களையும் கடைவீதிகளையும் அவனே காட்டிவிடுவான். பழைய ஜப்பானின் வாழ்க்கையை ஒரே நாளில் போய்ப் பார்த்துத் திரும்ப வேண்டும். கூட்டம் என் மனைவிக்கு ஒத்துக்கொள்ளாது. சவாரா எங்களுக்கு ஏற்றதா?
(ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், திருமங்கலம்)

பதில்: மிகவும் ஏற்றது, ஐயா. கியோட்டோவுக்கு அதிவேக ரயிலில் ஒரே நாளில் போய் வர முடியும் என்றாலும், கட்டணம் அதிகம். கூட்டத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சவாராவோ சிபா மாநிலத்தின் கதோரி நகரைச் சேர்ந்த அமைதியான ஊர். டோக்கியோவிலிருந்து ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். நரிட்டாவில் வண்டி மாற வேண்டியிருக்கும். அங்கிருந்து சவாராவுக்கு ஏறத்தாழ மணிக்கு ஒரு வண்டிதான் என்பதால், திரும்பும் வண்டியின் நேரத்தைக் காலையிலேயே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஊர் ஏன் அப்படி அமைந்தது என்பதைத் தெரிந்துகொண்டு போனால் பார்ப்பதற்கு இன்னும் சுவை கூடும். பதினேழாம் நூற்றாண்டில் அன்றைய ஆட்சியாளர்கள் டோனே ஆற்றின் போக்கைத் திருப்பி, அது கிழக்கே சோஷி என்னுமிடத்தில் பசிபிக் கடலில் கலக்கும்படி செய்தார்கள். அதன் பிறகு வடகிழக்குப் பகுதிகளின் அரிசியும் பிற சரக்குகளும் கடல் வழியாகச் சோஷிவரை வந்து, அங்கிருந்து ஆற்றுப் படகுகளில் எடோவுக்கு, அதாவது இன்றைய டோக்கியோவுக்குச் சென்றன. டோனேயில் வந்து சேரும் ஓனோ என்ற சிற்றாற்றின் இரு கரையிலும் அமைந்த சவாரா, இந்தப் படகு வணிகத்தால் செழித்தது. அரிசி வணிகர்களும், அரிசி மது காய்ச்சுவோரும், சோயா சாறு செய்வோரும் இங்கே கடையும் கிடங்கும் கட்டினார்கள். 1898இல் ரயில் வந்தது. பின்னர் சாலைகளும் பெருகின. படகு வணிகம் மெல்ல ஓய்ந்தது.

ரயில் நிலையத்திலிருந்து பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் ஓனோ ஆற்றை அடையலாம். ஆறு என்று பெயரே தவிர, கல் கட்டிய கரைகளுக்கு நடுவே அது ஓர் அகலமான வாய்க்காலாகத்தான் ஓடுகிறது. கரையோரம் வில்லோ மரங்கள் நீரைத் தொடுவதுபோல் கிளைகளைத் தொங்கவிட்டிருக்கின்றன. வீடுகளைப் பார்ப்பதற்கு முன் கரையைக் கூர்ந்து பாருங்கள். பழைய வணிகர் வீடுகளுக்கு எதிரே, தெருவிலிருந்து நீர்மட்டம்வரை குறுகலான கற்படிகள் இறங்குகின்றன. மூட்டைகளைத் தோளில் சுமந்தவர்கள் படகிலிருந்து ஏறி நேரே கிடங்குக்குள் போன வழி அது. ஒவ்வொரு கடைக்கும் ஒரு துறை என்ற அந்த அமைப்பு கண்ணில் பட்டுவிட்டால், ஊர் முழுவதும் ஏன் ஆற்றை நோக்கியே நிற்கிறது என்பது தானாக விளங்கும்.

வீடுகளில் சில மரத்தாலானவை. சில, தீக்கு அஞ்சி மண்ணையும் சுண்ணச் சாந்தையும் கனமாகப் பூசிய கிடங்கு பாணிக் கட்டடங்கள். 1892இல் ஊரில் பெருந்தீ ஏற்பட்ட பிறகு இவ்வகைக் கட்டடங்கள் பெருகின. இவற்றில் இன்றும் கடை நடக்கிறது, மக்கள் குடியிருக்கிறார்கள். எனவே திறந்திருக்கும் கடைக்குள் தாராளமாகச் செல்லலாம். மூடிய கதவின் இடுக்கில் எட்டிப் பார்ப்பதோ, வாசலில் உட்கார்ந்து படம் எடுப்பதோ கூடாது. பாய் விரித்த அறையாக இருந்தால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும்; இது நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

படகுச் சவாரி சுமார் அரை மணி நேரம். கடுங்குளிர் மாதங்களில் படகின் நடுவே கனமான போர்வை மூடிய தாழ்ந்த மேசை ஒன்றை வைத்து, அதன் அடியில் கால்களுக்குச் சூடு கிடைக்கும்படி செய்திருப்பார்கள். தங்கள் மனைவிக்கு அது மிகவும் பிடிக்கும்.

இன்னொரு செய்தி: சவாரா, டோக்கியோவைவிட நரிட்டா விமான நிலையத்துக்கு மிக அருகில் உள்ளது. நரிட்டா ஊரிலிருந்து ரயிலில் அரை மணி நேரந்தான். தாங்கள் கொழும்பு வழியாக நரிட்டாவில் இறங்குவதாக இருந்தால், திரும்புவதற்கு முந்தைய நாளை நரிட்டாவில் தங்கி, சவாராவுக்கென்று ஒதுக்குவதே நல்லது. அலைச்சல் பாதியாகக் குறையும்.

கேள்வி: சவாராவில் ஒரு நில அளவையரின் வீட்டைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்களாமே? அவர் யார்? நானும் அந்தத் தொழிலில் இருப்பவன் என்பதால் கேட்கிறேன்.
(நில அளவையர், வாடிப்பட்டி)

பதில்: இந்தக் கேள்விக்குப் பதில் எழுதுவதில் எங்களுக்குத் தனி மகிழ்ச்சி. அவர் பெயர் இனோ தடதகா. 1745இல் குஜுகுரி கடற்கரையோர ஊர் ஒன்றில் பிறந்து, 17 வயதில் சவாராவின் இனோ குடும்பத்துக்கு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவர். குடும்பத் தொழில் அரிசி மது காய்ச்சுவதும் அரிசி வணிகமும். 1783இல் அசாமா எரிமலை வெடித்து, பஞ்சம் தலைவிரித்தாடிய ஆண்டுகளில் தம் கிடங்கு அரிசியை ஊராருக்கு வழங்கியவர். வணிகத்தை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, ஐம்பது வயதை ஒட்டி, 1795இல் எடோவுக்குச் சென்று, தம்மைவிட 19 வயது இளையவரான தகாஹாஷி யோஷிதோகி என்ற வானியலறிஞரிடம் மாணவராகச் சேர்ந்தார்.

பூமியின் அளவை அறிய, வடக்கு தெற்காகச் செல்லும் தீர்க்கரேகையில் ஒரு பாகைக்கு எவ்வளவு தூரம் என்று கணிக்க வேண்டும் என்பதே அவருடைய வேட்கை. அதற்கு வடக்கு தெற்காக நெடுந்தொலைவு அளந்தாக வேண்டும். வடகோடித் தீவான இன்றைய ஹொக்கைடோவின் வரைபடம் அரசுக்குத் தேவைப்பட்டதால் அனுமதி கிடைத்தது. செலவில் பெரும்பகுதி அவருடையது. 1800இல், 55 வயதில், கிளம்பினார். முதற்பயணத்தில் பெரும்பாலும் காலடிகளை எண்ணியே தூரத்தைக் கணித்தார்கள். பின்னர் கயிறும் இரும்புச் சங்கிலியும் வந்தன. பகலில் திசைகாட்டியால் கோணம் எடுப்பார்கள். இரவில் விண்மீன்களின் உயரத்தை அளந்து தாங்கள் நிற்கும் இடத்தைச் சரிபார்ப்பார்கள். சங்கிலி இழுத்துப் பழகிய தங்களுக்கு, வளைந்து நெளியும் கடற்கரையில் அந்த வேலை எவ்வளவு கடினம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பாகைக்கு அவர் கண்ட அளவு பழைய ஜப்பானியத் தூரக் கணக்கில் 28.2 ரி, நம் கணக்கில் ஏறத்தாழ 110.7 கிலோமீட்டர். இன்றைய அளவீட்டுக்கு இது வியக்கத்தக்க நெருக்கம்.

1818இல் அவர் காலமானபோது வரைபடம் முடிந்திருக்கவில்லை. மாணவர்கள் அவர் மறைவை வெளியே சொல்லாமல் வேலையைத் தொடர்ந்து, 1821இல் ஜப்பான் முழுமைக்குமான வரைபடத்தை அரசிடம் ஒப்படைத்த பிறகே செய்தியை அறிவித்தார்கள். நம் பக்கத்தில், சென்னைப் பரங்கிமலையில் ஆங்கிலேய நில அளவையர் லாம்டன் தம் பெரும் அளவைப் பணிக்கு அடிப்படையான அடிக்கோட்டை அளந்தது 1802இல். ஏறக்குறைய ஒரே நேரத்தில் இரு நாடுகளும் அளக்கப்பட்டன என்பதை நினைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குள் நுழையுங்கள். வீட்டைப் பார்க்கக் கட்டணம் இல்லை. ஆற்றின் எதிர்க்கரையில் உள்ள அருங்காட்சியகத்தில் அவருடைய கருவிகளும் வரைபடங்களும் இருக்கின்றன. அவர் தொடர்பான 2,345 பொருள்களை ஜப்பானிய அரசு 2010இல் தேசியச் செல்வமாக அறிவித்தது. அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பதை மறந்துவிடாதீர்கள்.

இரண்டுக்கும் இடையே ஒரு சிறு பாலம் உண்டு. வயல்களுக்கான பாசன நீரை ஒரு கரையிலிருந்து மறுகரைக்குக் கொண்டுசெல்ல மரத்தொட்டியாக அமைந்தது. பிற்காலத்தில் ஆட்கள் நடக்கும் பாலமானது. இன்றும் பகலில் அரை மணிக்கு ஒருமுறை அதன் பக்கவாட்டிலிருந்து ஆற்றில் நீரைக் கொட்டவிடுகிறார்கள். இனோவின் வீட்டுப் படித்துறையில் நின்றால் சாரல் தெறிக்கும்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். ஒரு நாள் முழுக்க வெளியே இருந்தால் சாப்பாட்டுக்கு என்ன செய்வது?
(குடும்பத் தலைவி, மேலூர்)

பதில்: அம்மா, இதில் மட்டும் மிகுந்த கவனம் தேவை. ஜப்பானிய சமையலில் குழம்புக்கும் தொட்டுக்கொள்ளும் சாற்றுக்கும் அடிப்படையாக, உலர்ந்த மீனைச் சீவி வேகவைத்து எடுத்த நீரையே பெரும்பாலும் ஊற்றுகிறார்கள். கண்ணுக்கு மீன் தெரியாது. வெறும் காய்கறியாகத் தோன்றும் கூட்டிலும், வறுத்த சோயாக் கட்டியிலும், சோபா எனப்படும் கோதுமை நிறச் சேமியாவுக்கான சாற்றிலும் அது இருக்கும். சவாராவில் கடற்பாசி சேர்த்துக் கறுப்பாகச் செய்யும் சோபா பெயர் பெற்றது. ஆனால் உடன் தரும் சாறு தங்களுக்கு ஆகாது. ‘மீன் இல்லை’ என்று கடைக்காரர் சொல்வது மீன் துண்டைப் பற்றியதாக இருக்கலாம் என்பதால், ‘மீன் வேகவைத்த நீரும் கூடாது’ என்று ஜப்பானிய மொழியில் எழுதிய சீட்டைத் தங்கள் பிள்ளைகளிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உப்பில் ஊறிய பிளம் காயை உள்ளே வைத்த சோற்று உருண்டை எல்லா இடத்திலும் கிடைக்கும். பொதியில் உள்ள விவரத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வாங்கலாம். எங்கள் யோசனை, காலையில் கிளம்பும்போதே புளியோதரை கட்டிக்கொள்வது. கெட்டுப்போகாது, கரண்டி வேண்டாம். குப்பைத் தொட்டிகள் அரிதாகவே இருக்கும்; இலையையும் தாளையும் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும்.

கேள்வி: சித்திரைத் தேரோட்டம் பார்த்து வளர்ந்தவன் நான். சவாராவிலும் தேர்த் திருவிழா உண்டு என்கிறார்கள். எப்போது போனால் பார்க்கலாம்?
(ஜவுளி வணிகர், தெற்கு மாசி வீதி, மதுரை)

பதில்: ஆண்டுக்கு இருமுறை உண்டு. ஜூலையில் யாசகா கோயிலுக்கும், அக்டோபரில் சுவா கோயிலுக்கும் விழா எடுக்கிறார்கள். ஒவ்வொன்றும் வெள்ளி, சனி, ஞாயிறு என மூன்று நாள். தெருவுக்கு ஒரு தேர் என்பது அவர்கள் முறை. உச்சியில் புராண, வரலாற்று நாயகர்களின் உருவம் நான்கு மீட்டர் உயரத்துக்கும் மேலாக நிற்கும். கீழ்த்தட்டில் குழலும் மத்தளமும் வாசிப்பவர்கள் அமர்ந்திருப்பார்கள். முன்சக்கரம் ஒன்றையே அச்சாக நிறுத்தி, முழுத் தேரையும் அதே இடத்தில் வட்டமாகச் சுழற்றுவதுதான் உச்சக்காட்சி. மாசி வீதி முனையில் தேர் திரும்பும்போது முட்டுக்கட்டை போடுவோரின் திறமையை ரசிக்கத் தெரிந்த தாங்கள், அந்த இடத்தை விட்டு நகர மாட்டீர்கள். இவ்விழா உள்ளிட்ட ஜப்பானியத் தேர் விழாக்கள் 2016இல் யுனெஸ்கோவின் பட்டியலில் இடம்பெற்றன.

கேள்வி: நம் கிருதுமால் நதியும் ஒரு காலத்தில் நீர் ஓடிய ஆறுதான், இன்று கழிவுநீர் ஓடையாகக் கிடக்கிறது. சவாரா மக்கள் எதைச் செய்தார்கள், நாம் எதைச் செய்யவில்லை?
(பொறியியல் மாணவி, மதுரை)

பதில்: கூடலழகர் கோயிலோடு சேர்த்துச் சொல்லப்படும் ஆற்றைப் பற்றி இவ்வளவு வருத்தத்தோடு எழுதியிருக்கிறீர்கள், எங்களுக்கும் அதே வருத்தம் உண்டு. சவாராவிலும் வணிகம் ஓய்ந்தபின் பழைய வீடுகள் பாரமாகத் தோன்றிய காலம் இருந்தது. அங்கே குடியிருந்தவர்களே கூடிப் பேசி, இடிப்பதில்லை என்று உடன்பட்டு, நகராட்சியைத் தங்கள் பக்கம் இழுத்தார்கள். 1996இல் அரசு அப்பகுதியைப் பாதுகாக்கப்பட்ட மரபுக் கட்டடத் தொகுதியாகத் தேர்ந்தெடுத்தது. டோக்கியோவைச் சுற்றியுள்ள கான்டோ வட்டாரத்தில் அதுவே முதலாவது. 2011 நிலநடுக்கத்தில் கூரை ஓடுகள் சரிந்து, கரைகளும் சேதமடைந்தபோது, பழைய முறையிலேயே பழுதுபார்த்தார்கள்.

இரண்டு ஊரின் சுமையும் ஒன்றல்ல. மதுரையின் மக்கள்தொகையும் கழிவுநீரின் அளவும் அந்தச் சிற்றூருக்குக் கிடையாது. ஆனால் சவாராவில் வீட்டு வாசல்கள் ஆற்றைப் பார்த்தே இருந்தன. ஆறு கெட்டால் வாசல் கெடும். நாம் கிருதுமாலுக்குக் கொல்லைப்புறத்தைக் காட்டிவிட்டோம். பொறியியல் படிக்கும் தாங்கள், கழிவுநீரைத் தனிக்குழாயில் பிரிப்பதற்கான கணக்கைப் போடும்போதே, கரையில் வாசல் திறக்கும் தெரு ஒன்றையும் வரைபடத்தில் சேர்த்துப் பாருங்கள். வண்டியூர்த் தெப்பக்குளத்தைச் சுற்றி மாலையில் மக்கள் நடப்பதும் உட்காருவதும், நீருக்கு முகம் காட்டும் பழக்கம் நம்மிடம் இன்னும் இருப்பதைக் காட்டுகிறது.

கேள்வி: என் தாயாருக்கு முழங்கால் வலி. படகில் ஏற முடியுமா? அவருக்குக் கிமோனோ உடுத்திப் பார்க்கவும் ஆசை.
(வங்கி ஊழியர், சோழவந்தான்)

பதில்: படகுத்துறைக்குப் படி இறங்க வேண்டும், படகிலும் தாழ்வாகத்தான் உட்கார வேண்டும். கால் மடக்க இயலாதவர் கரையோரம் நடப்பதே போதும், தெரு சமதளமானது. கிமோனோவை வாடகைக்குத் தந்து, உடுத்தியும் விடும் கடைகள் உண்டு; முன்பதிவு நல்லது. இடப்பக்க மடிப்பு எப்போதும் மேலே வர வேண்டும். வலப்பக்கம் மேலே வருவது இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை. இறுக்கிக் கட்டும் இடுப்புப்பட்டையோடு வெகுநேரம் நடப்பது கடினம் என்பதால், பகலுணவுக்குப் பிறகு உடுத்தி, மாலை நான்கு மணிக்குள் திருப்பித் தந்துவிடும்படி திட்டமிடுங்கள்.