மொட்டை மாடி மார்ட்டினி

கேள்வி: என் மச்சான் அடுத்த மாதம் லண்டனிலிருந்து வருகிறார். எஸ்பிரெஸோ மார்ட்டினி இல்லாமல் அவருக்குச் சனிக்கிழமை போகாதாம். எங்கள் வீட்டில் இருப்பது பித்தளை ஃபில்டர் மட்டும்தான். வருகிற சொந்தக்காரர்களில் பாதிப் பேர் குடிக்க மாட்டார்கள். மொட்டை மாடியில் எப்படிச் சமாளிப்பது?
- பெரம்பூர் வாசகர்

பதில்: எஸ்பிரெஸோ மெஷின் வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். ஃபில்டர் போதும்.

1980களில் லண்டன் சோஹோவில் டிக் பிராட்செல் என்ற பார்டெண்டர் வோட்கா, காபி லிக்யூர் (காபி மணமுள்ள இனிப்பு மது), சர்க்கரைப்பாகு, அப்போதுதான் இறக்கிய எஸ்பிரெஸோ, நாலையும் ஐஸோடு குலுக்கி ஊற்றினார். அதுதான் எஸ்பிரெஸோ மார்ட்டினி, முதலில் அதற்கு வோட்கா எஸ்பிரெஸோ என்றுதான் பெயர். நடுவில் பழைய சரக்காகிக் கிடந்தது, லாக்டவுனுக்குப் பிறகு ஊர் ஊராகத் திரும்ப வந்துவிட்டது. உங்கள் மச்சானும் அந்த அலையில் மாட்டியவராகத்தான் இருப்பார்.

டிகாக்ஷனில்தான் விஷயமே இருக்கிறது. அரைத்துக் கொடுக்கும் கடையில் பீபரி, பிளாண்டேஷன் ஏ என்ற காபிக்கொட்டை வகைகளில் ஒன்றைக் கேளுங்கள். சிக்கரி அதிகம் போனால் நிறம் வரும், குளிர்ந்த பிறகு காபி மணம் இருக்காது. முதல் டிகாக்ஷன் மட்டும் எடுங்கள், இரண்டாவதை மறுநாள் காலைக்கு வைத்துக்கொள்ளலாம். சூடாக ஐஸில் ஊற்றினால் பாதி தண்ணீராகிவிடும். அதனால் ஆறவிட்டு, அன்றைக்கே பயன்படுத்துங்கள்.

லிக்யூருக்குப் பதில் கருப்பட்டிப் பாகு. சம அளவு தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவிட்டு, துணியில் வடிகட்டுங்கள். நல்ல கருப்பட்டியிலும் அடியில் மண் தங்கும், முதல் மடக்கிலேயே பல்லில் நறநறத்தால் மானம் போய்விடும். ஒரு கிளாஸுக்கு வோட்கா 45 மில்லி, டிகாக்ஷன் 45, பாகு 15. டார்க் ரம் இருந்தால் வோட்காவை விட அதுதான் கருப்பட்டியோடு சேரும் என்பேன்.

மேலே நிற்கும் நுரைக்குத்தான் எல்லோரும் மெஷினைத் தேடுகிறார்கள். கொண்டைக்கடலையை உப்பில்லாமல் வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிடாமல், விரலில் ஒட்டும் அளவுக்குச் சுண்டவைத்து, ஆறியதும் கிளாஸுக்கு ஒரு மேஜைக்கரண்டி சேருங்கள். அதிலுள்ள புரதம் முட்டை வெள்ளை போல நுரைக்கும். மூடி இறுக்கமான ஸ்டீல் தண்ணீர் பாட்டிலில் ஐஸ் நிறையப் போட்டு, கை சில்லிட்டு வலிக்கும்வரை குலுக்குங்கள். டீ வடிகட்டியில் ஊற்றினால் நுரை இன்னும் நெருக்கமாக நிற்கும். கடலை வாசனை வருமா என்று கேட்பீர்கள். டிகாக்ஷனுக்கு முன்னால் அது தலை தூக்காது.

குடிக்காதவர்களுக்கு ஜூஸ் பாக்கெட்டை நீட்டிவிட்டு ஓரமாக உட்கார வைக்காதீர்கள். மதுவை விட்டுவிட்டு டிகாக்ஷனைக் கூட்டி, இதையே குலுக்கிக் கொடுக்கலாம். இல்லாவிட்டால் உயரமான கிளாஸில் ஐஸ், கோலி சோடா, எலுமிச்சை, கொஞ்சம் இஞ்சிச் சாறு, நன்னாரி சிரப். மேலே டிகாக்ஷனை மெல்ல விடுங்கள். டிகாக்ஷன்மேல் சோடாவை ஊற்றினால் பொங்கித் தரையெல்லாம் ஓடும். பன்னீர் சோடா மட்டும் வேண்டாம், ரோஜா மணமும் காபியும் சண்டை போடும். இரண்டு வகையும் ஒரே நிறம் என்பதால் மது இல்லாததை எவர்சில்வர் டம்ளரில் கொடுங்கள். பெரியவர் கைக்கு மாறிப் போனால் அப்புறம் விளக்கம் சொல்லி முடியாது.

ஐஸ் கடையில் பாக்கெட்டாக வாங்குங்கள். காசிமேட்டில் மீனுக்கு உடைக்கும் ஐஸ் மலிவு என்று யாராவது ஆரம்பித்தால், காதில் வாங்காதீர்கள்.

ஒன்றை மட்டும் மச்சானிடமும் சொல்லிவிடுங்கள். காபி தூக்கத்தைத்தான் விரட்டும், போதையை இறக்காது. தெளிவாக இருப்பதாக நினைத்துக்கொண்டே கூடக் குடிப்பார்கள். ஆளுக்கு இரண்டோடு நிறுத்துங்கள், பைக் சாவியை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். 21 வயது ஆகாத தம்பிகளுக்கு நன்னாரிதான், சட்டமும் அதுதான்.

வீட்டு ஃபில்டரில் ஒரு தடவை இறங்கும் டிகாக்ஷன் நாலைந்து கிளாஸுக்கு மேல் காணாது. பக்கத்து வீட்டு ஃபில்டருக்கு இப்போதே சொல்லி வையுங்கள்.