பூஞ்சை பிடித்த திராட்சையில் ஒயின் செய்கிறார்களாமே, உண்மையா?

உண்மைதான். பிரான்சின் போர்தோ நகருக்குத் தெற்கே சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கும் சோதேர்ன் பகுதியில், அந்தப் பூஞ்சை வந்தால்தான் விவசாயிக்கு நிம்மதி.

அங்கே பூஞ்சை பிடிக்கக் காரணம் இரண்டு ஆறுகள். மர நிழலில் ஓடிவரும் குளிர்ந்த சிரோன், அதைவிட வெதுவெதுப்பான கரோனில் வந்து கலக்கிறது. இலையுதிர்காலக் காலைகளில் அங்கிருந்து மூடுபனி எழுந்து தோட்டங்களை மூடும். அந்த ஈரத்தில் போட்ரைடிஸ் என்ற பூஞ்சை பிடிக்கும். மதியம் வெயில் வந்து காயவைக்க வேண்டும். வராமல் ஈரமே நீடித்தால் போச்சு, வெறும் அழுகல்தான்.

பூஞ்சை தோலில் நுண்ணிய துளைகள் போடும். தண்ணீர் ஆவியாகும், சர்க்கரை தங்கிவிடும். பழம் முதலில் பழுப்பாகி, அப்புறம் சாம்பல் பூத்த உலர்திராட்சை மாதிரி சுருங்கும். பார்த்தால் குப்பையில் போடத்தான் தோன்றும்! ஒரு குலையில் எல்லாப் பழமும் ஒரே நாளில் சுருங்காது. அதனால் ஆட்கள் அதே வரிசைக்குத் திரும்பத் திரும்பப் போய், தயாரானதை மட்டும் கையால் வெட்டுவார்கள்.

முக்கிய ரகம் செமியோன்; மெல்லிய தோல், பூஞ்சைக்குத் தோது. புளிப்புக்குக் கொஞ்சம் சோவின்யோன் பிளான், மணத்துக்குத் துளி மஸ்கடெல்.

விலையைப் பார்த்துத் திட்டுவதற்கு முன் ஒன்று: போர்தோ ஒயின்களுக்கு 1855-இல் போட்ட தரவரிசையில் இந்தப் பகுதியிலேயே தனி உச்ச இடம் பெற்ற ஷாத்தோ திகேம் தோட்டத்தில், ஒரு கொடிக்கு ஏறக்குறைய ஒரு கிளாஸ் ஒயின்தான் கிடைக்கும். 2012-இல் பழம் தேறவில்லை என்று அந்தப் பெயரில் ஒயினே வெளியிடவில்லை.