ஒரே ஒரு கணினி உள்ள தொடக்கப் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக் கொடுப்பது எப்படி?

கணினியைத் தொடாமல் ஆரம்பியுங்கள். நான் கோத்தகிரிப் பக்கம் ஓர் ஈராசிரியர் பள்ளியில் இருக்கிறேன். எங்களிடமும் ஒரே கணினிதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் விழுந்து கரண்ட் போனால் அதுவும் கிடையாது. ஆனாலும் கணினி வகுப்பு நிற்பதில்லை.

மௌஸ் பிடிப்பதும் பெயிண்டில் வீடு வரைவதும் பிள்ளைகளுக்குத் தானாக வந்துவிடும். நாம் பழக்க வேண்டியது வேறு. ஒரு வேலையைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்துச் சொல்ல வேண்டும். தப்பு வந்தால் எந்தப் படியில் வந்தது என்று தேட வேண்டும்.

தரையில் சாக்பீஸால் கட்டம் போடுங்கள். ஒரு பிள்ளை ரோபோ. மற்றவர்கள் ‘முன்னே ஒரு கட்டம்’, ‘வலப்பக்கம் திரும்பு’ என்று கட்டளைகளைக் கரும்பலகையில் வரிசையாக எழுதட்டும். எல்லாம் எழுதி முடித்த பிறகுதான் ரோபோ நடக்கும். வழி தவறிப் போனால் கத்தித் திருத்தக் கூடாது. பலகைக்குப் போய், தப்பான வரியைக் கண்டுபிடித்து அழித்து எழுத வேண்டும். பெரும்பாலும் தப்பு வலது இடதில்தான் இருக்கும், ரோபோ எதிரே பார்த்து நிற்பதால். 1967-இல் சீமோர் பேப்பர்ட் என்ற கணித அறிஞரும் அவருடைய சகாக்களும் பிள்ளைகளுக்காக உருவாக்கிய லோகோ என்ற கணினி மொழியில் திரையில் ஆமையை நகர்த்துவதும் இதே மாதிரிக் கட்டளைகள்தான்.

நிபந்தனை சொல்லிக் கொடுக்க எங்கள் ஊரில் தேயிலையே போதும். “ரெண்டு இலையும் ஒரு கொழுந்தும் இருந்தா பறி, இல்லைன்னா விடு” என்று ஒரு பையன் அம்மாவிடம் கேட்டதைச் சொன்னான். உடனே பின் பெஞ்சிலிருந்து, “மூணு இலை இருந்தா?” வகுப்பே சண்டைக்கு நின்றது. கடைசியில் அதற்கும் ஒரு வரி சேர்த்தார்கள். விட்டுப்போன நிலைமையைத் தாங்களே கண்டுபிடித்தார்களே, அந்த ஒரு கேள்விக்காக நான் எத்தனை வகுப்பு வேண்டுமானாலும் எடுப்பேன்.

அப்புறம், ஐந்து அட்டைகளில் 1, 2, 4, 8, 16 என்று புள்ளி வைத்துக் கொடுங்கள். சில அட்டைகளைக் காட்டி, மற்றவற்றைத் திருப்பி மறைத்து, தெரியும் புள்ளிகளைக் கூட்டினால் 0 முதல் 31 வரை எந்த எண்ணையும் காட்டலாம். தெரியும் அட்டை 1, மறைத்த அட்டை 0. அவரவர் பிறந்த தேதியைக் காட்டச் சொல்லுங்கள். எல்லாத் தேதியும் அதற்குள் அடங்கும். கூட்டல் தெரிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு, 0, 1 என்ற இரண்டே இலக்கங்களால் எழுதும் இரும எண் இவ்வளவுதான்.

இதெல்லாம் பழகிய பிறகு கணினியில் ஸ்கிராட்ச் என்ற மென்பொருளைப் போடுங்கள். 2007-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் வெளியிட்டது, இலவசம். ஒருமுறை நிறுவிவிட்டால் இணையம் இல்லாமலே ஓடும். கட்டளைக் கட்டைகளை இழுத்து அடுக்கினால் திரையில் பூனை நகரும். பலகையில் எழுதிப் பழகிய பிள்ளைகளுக்கு அது புதிதாகவே தெரியாது. ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு, டேப்லெட் இருந்தால், ஸ்கிராட்ச் ஜூனியர் நல்லது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளையும் படம் பார்த்தே செய்துவிடும்.

ஒரு கணினிக்கு இருவராக உட்கார வையுங்கள். ஒருவர் சொல்லட்டும், மற்றவர் செய்யட்டும். பாதி நேரத்தில் மாற்றுங்கள். மற்றவர்கள் அதுவரை காகிதத்தில் திட்டம் எழுதலாம். பிள்ளை திணறும்போது மௌஸை நீங்கள் வாங்கிவிடாதீர்கள், தயவுசெய்து. எங்கே நின்றுவிட்டது என்று மட்டும் கேளுங்கள். இன்னொன்று, பையன்கள் முண்டியடித்து முன்னால் வந்துவிடுவார்கள். அதனால் மௌஸுக்கு முதலில் பெண் பிள்ளைகளின் பெயரைக் கூப்பிடுங்கள்.