எஞ்சினும் மரச்சட்டமும் – கடிதம்

அன்புள்ள அண்ணா,

வணக்கம். பழைய கார் ஒன்றை பாடி வேலைக்காகப் பிரித்துப் போட்டிருக்கிறேன். தகடெல்லாம் துரு, முடிய ஒரு வருஷமாவது ஆகும். எஞ்சின் நாலு சிலிண்டர் பெட்ரோல், சிலிண்டர்கள் இருக்கும் பிளாக் இரும்பு, நீளவாக்கில் உட்காரும் வகை. கியர்பாக்ஸைக் கழற்றிவிட்டு எஞ்சினை இப்போதைக்கு ஒரு பழைய டயர் மேல் வைத்திருக்கிறேன். நாலுக்கு நாலு அங்குல மரச்சட்டம் மிச்சம் கிடக்கிறது. அதில் ஸ்டாண்ட் செய்தால் தாங்குமா? ஆணி போதுமா? சக்கரம் வைக்கலாமா? நண்பர்கள் இரும்பில்தான் செய்ய வேண்டும் என்கிறார்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

தாங்கும். உங்கள் எஞ்சின் ஏறக்குறைய 150 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அது நாலு இடத்தில் இறங்கினால் ஒரு இடத்துக்கு நாற்பது கிலோகூட வராது, நாலங்குலச் சட்டத்துக்கு அது ஒரு பாரமே இல்லை. மர ஸ்டாண்ட் விழுகிறதென்றால் மரம் நசுங்கி விழுவதில்லை, யாராவது பக்கவாட்டில் தள்ளும்போது மூட்டு ஆடி, ஆடி, ஒரு நாள் சாய்ந்துவிடுகிறது. அதனால் கவலைப்பட வேண்டியது சட்டத்தின் கனத்தைப் பற்றி இல்லை, மூட்டைப் பற்றி.

ஆனால் அதற்கு முன்னால் அந்த டயர். இன்றே அதிலிருந்து எஞ்சினைத் தூக்கிவிடுங்கள். டயர் மேல் வைத்தால் பாரம் பெரும்பாலும் சம்ப்பில்தான் இறங்கும். சம்ப் என்பது எண்ணெய் நிற்க ஒரு தகட்டுப் பாத்திரம், அவ்வளவுதான், எஞ்சினைத் தாங்க அதைச் செய்யவில்லை. நானும் ஒரு எஞ்சினை இப்படி எட்டு மாதம் டயரில் விட்டிருந்தேன். திரும்ப மாட்டி ஸ்டார்ட் செய்தால் ஆயில் விளக்கு அணையவே இல்லை. சம்ப்பைக் கழற்றிப் பார்த்தபோது அடித்தகடு கட்டைவிரல் கனத்துக்கு மேலே எழும்பியிருந்தது, அதன் நடுவில் வட்டமாக ஒரு பளபளப்பான தடம். எண்ணெய் உறிஞ்சும் ஸ்ட்ரெய்னரின் விளிம்பு அங்கே உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டிருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் சின்ன நசுங்கல் மாதிரிதான் தெரிந்தது. சம்ப் அலுமினிய வார்ப்பாக இருந்திருந்தால் விரிசலே விட்டிருக்கும்.

ஆகவே, காரில் எஞ்சின் எந்த இடங்களில் தாங்கப்பட்டிருந்ததோ அதே இடங்களில் ஸ்டாண்டிலும் தாங்க வேண்டும். முன்னால் பிளாக்கின் இரண்டு பக்கமும் இருக்கும் மவுண்டிங் பிராக்கெட்டுகள், பின்னால் கியர்பாக்ஸ் சேரும் முகத்தில் உள்ள போல்ட் துளைகள். சம்ப்புக்குக் கீழே நாலு விரல் இடைவெளியாவது விடுங்கள், எண்ணெய் வடிக்கும் டிரெயின் பிளக்கைத் திறக்கவும் அது வேண்டும்.

அளவெடுப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. எஞ்சினைச் செயின் பிளாக்கில் (சங்கிலியை இழுத்துப் பாரம் தூக்கும் கருவி) மட்டமாகத் தொங்கவிட்டு, பக்கத்தில் அட்டையை நிறுத்தி, பிராக்கெட்டின் உயரத்தையும் துளைகளையும் அட்டையில் குறித்து வெட்டிக்கொள்ளுங்கள். தொங்கும்போது அடியில் கை, கால் எதுவும் போகக் கூடாது, எட்டிப் பார்ப்பதென்றாலும் பக்கத்தில் நின்றுதான். எஞ்சினின் பின்முனையில் இருக்கும் கனமான பல்சக்கரமான ஃப்ளைவீலைக் கழற்றிவிடுவது நல்லது, இல்லையென்றால் பின் சட்டம் அதன் பல்லில் இடிக்கும். கழற்றும் முன் அது எந்த நிலையில் இருந்தது என்று ஒரு அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள்.

அடிச்சட்டம் சுமார் 60க்கு 75 சென்டிமீட்டர், எஞ்சினைவிட அகலமாக. அதன் மேல் நிமிர்ந்து நிற்கும் நாலு கால். கால்களில் மரத்தின் நார் மேலிருந்து கீழாக ஓட வேண்டும், குறுக்கே அமுக்குவதைவிட நார் வழியே அமுக்கினால் மரம் பல மடங்கு தாங்கும். ஆணி வேண்டாம். ஆட ஆட ஆணி கழன்றுவரும், சட்டத்தின் வெட்டு முனையில் அடித்த ஆணியோ ஸ்க்ரூவோ சரியாகப் பிடிக்கவும் பிடிக்காது. காலும் அடிச்சட்டமும் சேரும் இடத்தில் காடி (பள்ளம்) எடுத்து உட்கார வைத்து, இரண்டு பக்கமும் 18 மில்லிமீட்டர் பிளைவுட்டை முக்கோணமாக வெட்டி ஒட்டி, 10 மில்லிமீட்டர் போல்ட்டைக் குறுக்கே விட்டு அகலமான வாஷர் போட்டு முடுக்குங்கள். அந்த முக்கோணம்தான் ஆட்டத்தை நிறுத்துகிறது, மற்ற எதில் சிக்கனம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள். பின்பக்கம் கியர்பாக்ஸ் துளைகளுக்கு அதே மரையில் நீள போல்ட் வேண்டும், பழைய போல்ட் ஒன்றைக் கையில் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள், மரை மாறினால் பிளாக் கெட்டுப்போகும்.

இரும்பும் மரமும் நேராகத் தொடும் இடங்களில் தடித்த ரப்பர் துண்டு வையுங்கள். மரம் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அந்த இடத்தில்தான் முதலில் துரு பிடிக்கும். சட்டத்துக்கு வார்னிஷோ பெயின்ட்டோ அடித்துவிட்டால் எண்ணெய் ஊறாது.

சக்கரம் வைக்கலாம். ஆனால் தரை எப்போதும் சமமாக இருக்காது, ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும், அதனால் மொத்த பாரத்தை நாலால் வகுக்காமல் மூன்றால் வகுங்கள். ஸ்டாண்டோடு 170 கிலோ என்றால் ஒரு சக்கரத்துக்கு 57 வருகிறது, 100 கிலோ தாங்கும் சக்கரமாக எடுத்தால் நிம்மதி. மிகச் சின்ன சக்கரம் தரை வெடிப்பில் சிக்கிக்கொள்ளும், குடை சாய்வதே அப்போதுதான், 75 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பாருங்கள். நகர்த்தாத நாளில் பிரேக் போட்டு வையுங்கள்.

நண்பர்கள் சொல்லும் இரும்பு ஸ்டாண்ட், பின்னால் நாலு போல்ட்டில் எஞ்சினைப் பிடித்துச் சுற்றுவது, பிரித்து வேலை பார்க்க அருமையானது. ஒரு வருஷம் வைத்திருக்க நான் அதை விரும்புவதில்லை, மொத்த எஞ்சினும் ஒரு முனையில் தொங்கிக்கொண்டே இருக்கும்.

அப்புறம் எஞ்சினுக்குள்ளும் கொஞ்சம் பாருங்கள். பழைய எண்ணெயில் அமிலம் சேர்ந்திருக்கும், வடித்துவிட்டுப் புதிது ஊற்றுங்கள். எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரை முழுக்க இறக்குங்கள். எஞ்சினை எந்த நிலையில் நிறுத்தினாலும் ஏதோ ஒரு வால்வு திறந்துதான் இருக்கும், அதன் வழியே ஈரக்காற்று உள்ளே போய் சிலிண்டர் சுவரில் பிஸ்டன் நின்ற இடத்தில் மோதிரம் மாதிரி துரு வளையம் விழும். இன்டேக், எக்ஸாஸ்ட் வாய்களைப் பிளைவுட் வைத்து மூடிவிடுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு, எஞ்சின் ஓடும் திசையிலேயே கிராங்கை (பிஸ்டன்கள் சுற்றும் தண்டு) கையால் இரண்டு சுற்று சுற்றி, பிளக்கைத் திரும்ப மாட்டுங்கள்.

ஸ்டாண்டில் இறக்கிய அன்று செயினை உடனே கழற்ற வேண்டாம். லேசாகத் தளர்த்தி இரவு முழுக்க விட்டு, காலையில் மூட்டுகளைப் பார்த்துவிட்டுக் கழற்றுங்கள். மரம் காய்ந்து சுருங்கும், ஒரு மாதம் கழித்து எல்லா போல்ட்டையும் மறுபடி முடுக்க வேண்டும். அன்றைக்கே கிராங்கையும் ஒரு தடவை சுற்றிவிட்டு, சட்டத்தின் மேலேயே பென்சிலால் தேதியை எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
அண்ணன்