கரி அள்ளிய பாடகர்

கேள்வி: தலைமுடியை வளர்த்து, மேடையில் கிடாரை அடித்து உடைத்தால் உடனே 'கலகக்காரர்' பட்டம் கொடுத்துவிடுகிறார்கள். ராக் பாடகர்களுக்கு இதெல்லாம் ஓவராக இல்லையா? (ஒரு வாசகர், திருப்பூர்)

பதில்: கிடாரை உடைப்பது கலகமில்லை, அடுத்த கிடார் வாங்கக் காசிருக்கிறது என்று அர்த்தம். அதுவரை நான் உங்கள் கட்சி. ஆனால் சோவியத் யூனியனின் ராக் பாடகர் விக்தர் த்சோயையும் அந்த வரிசையில் நிறுத்திவிடாதீர்கள்.

லெனின்கிராட்டில் 1962-ல் பிறந்தவர். அப்பா கொரிய வம்சாவளி என்ஜினியர், அம்மா ரஷ்யர். அவருடைய 'கினோ' குழுவின் பாட்டுகளை ஜனங்களே டேப்பிலிருந்து டேப்புக்குப் பதிவு செய்து கைமாற்றிக்கொண்டார்கள். பேர் கிடைத்தது, காசு எங்கே? மேடை ஏறுவதென்றால் பாட்டு வரிகளை முன்கூட்டியே காட்டி அனுமதி வாங்க வேண்டும். சரி, வீட்டில் உட்கார்ந்து பாடலாமே என்றால் அதுவும் ஆகாது. வேலையில்லாமல் இருப்பவனை 'ஒட்டுண்ணி' என்று சொல்லி உள்ளே தள்ள அந்த நாட்டில் சட்டமே இருந்தது. அதனால் 1986-ல் ஒரு கொதிகலன் அறையில் கரி அள்ளிப் போடும் வேலைக்குச் சேர்ந்தார். அந்த இடத்துக்கு 'கம்சாட்கா' என்று செல்லப் பெயர். கிடாரை உடைக்கிற வசதியெல்லாம் அங்கே இல்லை.

இத்தனைக்கும் 'மாற்றம் வேண்டும்' என்ற அவருடைய பாட்டில் ஆட்சியைப் பற்றி ஒரு சொல் கிடையாது. காலி தீப்பெட்டி, அடுப்பில் நீலமாக எரியும் காஸ், மேசையில் டீ, கையில் சிகரெட். அவ்வளவுதான். 'அஸ்ஸா' படத்தின் கடைசியில் அவர் அதைப் பாடியதும் பெரெஸ்த்ரோய்கா என்ற கோர்பசேவின் சீர்திருத்தக் கால இளைஞர்கள் தங்கள் கொடியாகவே எடுத்துக்கொண்டார்கள்.

1990 ஜூனில் மாஸ்கோ லுஷ்னிகி ஸ்டேடியம் நிறையப் பாடினார். ஆகஸ்ட் 15-ல் லாட்வியாவில் அவர் ஓட்டிய கார் பஸ் மீது மோதியது. வயது 28.

அப்புறம் முப்பது வருஷம் கழித்து, 2020 ஆகஸ்டில், பெலாரஸ் தலைநகர் மின்ஸ்கில் அரசுத் தரப்பு நடத்திய ஒரு நிகழ்ச்சியில் சவுண்ட் ஆபரேட்டர்கள் இருவர் அதே பாட்டைப் போட்டுவிட்டார்கள். ஆளுக்குப் பத்து நாள் சிறை.