சிறைக்கு அனுப்பாவிட்டால் கஜானாவில் என்ன மிச்சம்? கேள்வி பதில்

சொந்த உபயோகத்துக்காகச் சிறிதளவு போதைப்பொருள் வைத்திருப்பவரைக் குற்றவாளியாக நடத்தாத இடங்களில் அரசின் வரவு செலவு என்ன ஆனது என்று பலர் கேட்டிருந்தீர்கள். பொது நிதி பாடம் நடத்துகிறவன் என்பதால் கணக்குப் பக்கம் நின்றே பதில் சொல்கிறேன்.

சார், இதனால் அரசுக்கு வரி வருமானம் கூடுமா?

கூடாது. விற்க அனுமதித்தால்தான் வரி. இந்த வழியில் போன போர்ச்சுகலில் 2001 ஜூலை 1-இல் அமலுக்கு வந்த சட்டம் விற்பனையைத் தொடவில்லை. விற்றால் இன்றும் சிறைதான். பத்து நாள் உபயோகத்துக்கு மேல் போகாத அளவு (ஹெராயின் என்றால் ஒரு கிராம்) கையில் இருந்தால் மட்டும் கிரிமினல் வழக்கு கிடையாது என்பது 2023 வரை இருந்த விதி; அதன் பிறகு அந்த அளவைத் தாண்டினாலே குற்றம் என்றில்லை.

அப்படியானால் பிடிபட்டவரை என்ன செய்வார்கள்? அதற்கும் செலவுதானே?

செலவுதான், ஆனால் சின்னச் செலவு. போலீஸ் பொருளைப் பறிமுதல் செய்து ஒரு குழுவின் முன் ஆஜராகச் சொல்லும். நீதிமன்றக் கூண்டு கிடையாது, கறுப்பு அங்கி கிடையாது. ஒரு மேசை, அதைச் சுற்றி மூன்று உறுப்பினர்கள்: ஒருவர் சட்டம் படித்தவர், மற்ற இருவர் மருத்துவம், உளவியல், சமூகப்பணி போன்ற துறைகளிலிருந்து வருகிறவர்கள். வந்தவர் அடிமையாகிவிட்டவரா, எப்போதாவது உபயோகிப்பவரா என்று பேசிப் பார்த்து, தேவைப்பட்டால் சிகிச்சைக்கு அனுப்புவார்கள்.

சிறைச் செலவு எவ்வளவு மிச்சமாகும்?

இங்கேதான் நிறைய பேர் தவறாகக் கணக்குப் போடுகிறார்கள், தம்பி. ஒரு கைதி குறைந்தால் அவருடைய சாப்பாட்டுச் செலவு குறையும். காவலரின் சம்பளமும் கட்டடப் பராமரிப்பும் அப்படியே இருக்கும். ஒரு பிளாக்கையே மூடும் அளவுக்கு ஆள் குறைந்தால்தான் பெரிய தொகை கைக்கு வரும். போலீஸ் நேரமும் அப்படித்தான். மிச்சமான நேரம் வேறு வழக்குக்குப் போகும், பணமாக கஜானாவுக்குத் திரும்பாது. போர்ச்சுகல் சிறைகளில் போதைப்பொருள் குற்றங்களுக்காக இருந்தவர்கள் 1999-இல் சுமார் 44 சதவீதம். 2013-இல் 24 சதவீதம். நல்ல மாற்றம். ஆனால் அதை அப்படியே ரூபாயாகவோ யூரோவாகவோ மாற்றிப் படிக்கக் கூடாது.

பிறகு உண்மையான லாபம் எங்கே?

ஆஸ்பத்திரியில். 2001-இல் அந்த நாட்டில் ஊசி போட்டுக்கொள்பவர்களில் புதிதாக எச்ஐவி கண்டறியப்பட்டவர்கள் ஆயிரத்துக்கு மேல். 2017-இல் இருபதுக்கும் கீழே. ஒவ்வொருவருக்கும் ஆயுள் முழுக்க மருந்து தர வேண்டும் என்பதை நினைத்துப் பாருங்கள். இதில் சட்டத்துக்கு மட்டும் பெருமை சேர்க்க முடியாது. பழைய ஊசியைக் கொடுத்து புது ஊசி வாங்கிக்கொள்ளும் திட்டம் அங்கே மருந்துக்கடைகளில் 1993-லேயே தொடங்கிவிட்டது. 2015-இல் வெளியான ஓர் ஆய்வு, 1999-க்குப் பிந்தைய பதினொரு ஆண்டுகளில் போதைப்பொருளால் சமூகம் சுமக்கும் செலவு 18 சதவீதம் குறைந்ததாகக் கணித்தது. அது சமூகச் செலவு. பட்ஜெட் செலவு அல்ல.

அமெரிக்காவின் ஒரிகானில் ஏன் சொதப்பியது, சார்?

அந்த மாநிலத்தில் இதே போன்ற சட்டத்துக்கு 2020-இல் மக்கள் வாக்களித்து, 2021 பிப்ரவரியில் அமலானது. பணத்துக்கு வழி இருந்தது: கஞ்சா வரியில் ஆண்டுக்கு 4.5 கோடி டாலருக்கு மேல் வருவது முழுக்க சிகிச்சை நிதிக்கு. முன்பு அந்த வரியில் 40 சதவீதம் பள்ளிகளுக்கும் 15 சதவீதம் மாநிலப் போலீஸுக்கும் போனது. ஆக, யாரோ ஒருவர் பங்கைக் குறைத்துத்தான் இதைச் செய்தார்கள்.

ஆனால் சிகிச்சை மையங்களுக்குப் பணம் போய்ச் சேரவே ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. பிடிபட்டவருக்கு 100 டாலர் அபராதம். ஒரு ஹாட்லைனுக்கு போன் செய்து பரிசோதனைக்கு உட்பட்டால் அதுவும் ரத்து. கட்டாமல், போனும் செய்யாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது. முதல் 15 மாதங்களில் அந்த ஹாட்லைனுக்கு வந்த அழைப்புகள் 119. மாநிலத் தணிக்கைக் கணக்குப்படி ஒரு அழைப்புக்கு 7,000 டாலருக்கு மேல் செலவு! எனக்கு மனது கனத்த இடம் அதுதான். 2024 செப்டம்பரில் மீண்டும் கிரிமினல் குற்றமாக்கிவிட்டார்கள்.

போர்ச்சுகலில் மட்டும் எல்லாம் நன்றாகவே போகிறதா?

இல்லை அம்மா. நிதி நெருக்கடி வந்தபோது, 2012-இல், இதற்கென்றே இருந்த தேசிய அமைப்பைக் கலைத்து, சிகிச்சைப் பொறுப்பை வட்டார சுகாதார நிர்வாகங்களிடம் கொடுத்தார்கள். பணமும் சுருங்கியது. அப்போது சட்டம் ஒரு வரிகூட மாறவில்லை. அதே மூன்று பேர் குழு அதே மேசையில் உட்கார்ந்து சிகிச்சைக்கு எழுதிக் கொடுக்கலாம். அந்தச் சீட்டோடு போகிறவருக்கு மறுமுனையில் டாக்டர் இருக்க வேண்டுமே.