பழமெல்லாம் கிளை நுனியில்தான்!

கேள்வி: மொரெல்லோ வகைப் புளிப்புச் செர்ரி ஒட்டுக்கன்று நட்டு ஏழு வருடமாகிறது. முதலில் நன்றாகக் காய்த்தது. இப்போது கிளைகள் நீண்டு தொங்குகின்றன. நடுவெல்லாம் மொட்டை, நுனியில் மட்டும் கொஞ்சம் பழம். துணைக்கு இன்னொரு மரம் வைக்க வேண்டுமா? உரம் போதவில்லையா?

பதில்: இன்னொரு மரம் தேவையில்லை. இனிப்புச் செர்ரியில்தான் பல வகைகள் ஜோடி கேட்கும். புளிப்புச் செர்ரி தன் மகரந்தத்திலேயே காய் பிடிக்கும். தேனீ வந்துபோனால் போதும். உரத்தை அப்புறம் பார்க்கலாம். முதலில் கத்தரியை எடுங்கள்.

போன வருடம் வளர்ந்த குச்சி ஒன்றைக் குளிர்காலக் கடைசியில் கையில் பிடித்துப் பாருங்கள். உருண்டு தடித்திருப்பது பூமொட்டு. ஒல்லியாகக் கூர்மையாக இருப்பது இலைமொட்டு. மொரெல்லோவில் பழம் வருவது பெரும்பாலும் இந்தப் போன வருடக் குச்சியில்தான். பூமொட்டு ஒருமுறை பூத்துக் காய்த்துவிட்டால் அந்தக் கணுவில் மறுபடி தளிர் வராது. குச்சி குட்டையாக வளர்ந்திருந்தால் பக்கத்து மொட்டெல்லாம் பூமொட்டாகவே இருக்கும், நுனியில் மட்டும் ஓர் இலைமொட்டு. அடுத்த வருடம் அந்த நுனி மட்டும் நீளும், பின்னால் உள்ளதெல்லாம் வெறுங்கட்டை. கவாத்தே செய்யாமல் விட்டால் பழம் வருடத்துக்கு வருடம் வெளியே போய்க்கொண்டே இருக்கும். என் மரமும் ஆறாம் வருடம் இப்படித்தான் நின்றது. அதைப் பார்த்து மனம் கலங்கிப் போனேன். மரத்துக்கு நோய் எதுவும் இல்லை. நான்தான் வெட்டப் பயந்திருந்தேன்.

அறுவடை முடிந்ததும் மழையில்லாத நாளாகப் பார்த்து வெட்டுங்கள். வெள்ளி இலை நோய் என்ற பூஞ்சை நோயின் வித்துகள் ஈரக்காற்றில் பரவி வெட்டுக்காயம் வழியாக நுழையும். அதனால் குளிர்காலத்தில் வெட்ட வேண்டாம். காய்த்து ஓய்ந்த பழைய கிளைகளில் கால்வாசியை, அடிப்பக்கம் இளம் தளிர் எங்கே கிளம்பியிருக்கிறதோ அதற்குச் சற்று மேலே வெட்டிவிடுங்கள். நீட்டிக்கொண்டு நிற்கும் முண்டு வைக்காதீர்கள், அது காய்ந்து அழுகும். ஒரே வருடத்தில் எல்லாவற்றையும் வெட்டாமல் மூன்று வருடமாகப் பிரித்துச் செய்யுங்கள். புதுக்குச்சி வருடத்துக்கு ஓர் அடிக்கு மேல் வளர்ந்தால் மரம் சரியான வழிக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். அவ்வளவு வளரவில்லையென்றால் வசந்தத் தொடக்கத்தில் மட்கிய தொழு உரம் போட்டு மூடாக்கு இடுங்கள். மூடாக்கு தண்டைத் தொடக் கூடாது. அடியில் தண்ணீர் தேங்கவும் கூடாது. செர்ரி வேருக்கு அது எமன்.

பழம் நிறம் மாறும்போதே வலை கட்டிவிடுங்கள், பறவைகள் ஒன்றுகூட மிச்சம் வைக்காது. வலையை இழுத்துக் கட்டுங்கள், தொளதொளவென்று இருந்தால் பாவம், பறவை சிக்கிக்கொள்ளும். பறிக்கும்போது பிய்க்காமல் காம்போடு கத்தரியுங்கள். காம்பு பிய்ந்த பழத்தில் சாறு வடிந்து சீக்கிரம் கெட்டுவிடும். கிளையில் நன்றாகப் பழுக்கட்டும். பறித்த பிறகு செர்ரி மேற்கொண்டு பழுக்காது.

கேள்வி: குளிர்காலமே இல்லாத ஊரில் தொட்டியில் வைத்தால் காய்க்குமா?

பதில்: ஆசைப்படுகிறீர்கள், தெரிகிறது. ஆனாலும் வேண்டாம். குளிர்கால உறக்கம் கலைந்து ஒழுங்காகப் பூக்க, 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏறத்தாழ 1,000 மணி நேரமாவது இந்த மரத்துக்கு வேண்டும். அது கிடைக்காவிட்டால் மொட்டுகள் கண்டபடி தாமதமாக விரியும், பூ பேருக்குத்தான் வரும். தொட்டியும் எருவும் அந்தக் குளிரை ஈடுகட்டாது.